ஏற்காட்டு வீட்டுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி: பிளைவுட்டில் நாமே செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் சேலத்தில் வேலை பார்க்கிறார். ஏற்காட்டில் குடும்பத்துக்கு ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. சின்ன வயதில் அண்ணனோடு போய் ஒரு ரூபாய் போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டி மாதிரி ஒன்றைப் பிளைவுட்டில் செய்து அந்த வீட்டில் வைக்க ஆசைப்படுகிறார். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஆடுவார்களாம். எந்தப் பிளைவுட் வாங்குவது, அளவு என்ன, உள்ளே என்ன போடுவது, இதில் பழக்கமில்லாத ஆசாரியை நம்பி இறங்கலாமா, தானே செய்யலாமா என்று கேட்கிறார்.

நீங்களே செய்யலாம். ஒரு ஜிக்சா (வளைவாக அறுக்கும் கை ரம்ப மெஷின்), டிரில் மெஷின், நல்ல மூலைமட்டம், நான்கைந்து கிளாம்ப், ஒன்றரை மாத ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தால் போதும். நான் இதுவரை மூன்று பெட்டி செய்திருக்கிறேன். முதல் இரண்டும் சேலத்தில் இருக்கின்றன. மூன்றாவது ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குச் செய்தது. மரத்தைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது அந்த மூன்றாவதுதான். கீழே வெயிலில் ஒழுங்காக நிற்கிற பிளைவுட் மேலே பனிமூட்டத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எல்லோரும் முதலில் செய்வது பக்கப் பலகையின் வடிவத்தை வரைவது. அந்த வளைவும் சரிவும்தான் பார்க்க அழகு, அதனால் கை அங்கேதான் போகும். நானும் முதல் பெட்டியை அப்படித்தான் தொடங்கினேன். பெட்டி நன்றாக இருந்தது, ஆனால் பத்து நிமிடம் ஆடினாலே மணிக்கட்டு வலித்தது. ஆடுகிறவர் கை வைக்கும் பலகையை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் உயரம், அகலம், சரிவு மூன்றும் முடிவானால் மீதிப் பெட்டி தானாகவே அதைச் சுற்றி வந்து உட்காரும்.

கைப்பலகைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. என்னென்ன ஆட்டம் ஆடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் பத்துப் பெயர் எழுதுங்கள். 1980இல் வந்த பேக்-மேனுக்குப் பட்டனே கிடையாது, நான்கு திசை போகும் ஒரு ஜாய்ஸ்டிக் மட்டும்தான். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆளுக்கு ஆறு பட்டன் வேண்டும்: மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. நம் ஊர்க் கடைகளில் ‘முஸ்தபா’ என்றே பெயர் வாங்கிவிட்ட ஆட்டம் ஒன்று உண்டே, உங்கள் அண்ணனைக் கேட்டால் முகம் மலரும். அதன் உண்மைப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், ஜப்பானிய நிறுவனமான கேப்காம் 1993இல் வெளியிட்டது. அதற்கு அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று என இரண்டே பட்டன். ஆனால் மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். மூன்று பேருக்கு இடம் விட்டால் பலகை மூன்றடியைத் தாண்டும், வாசலில் நுழைப்பது திண்டாட்டம். வீட்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஆறு பட்டன் என்பதுதான் என் சிபாரிசு. மூன்றாவது ஆளுக்கு ஒரு யூ.எஸ்.பி. கேம்பேடைச் செருகிக்கொள்ளலாம்.

இன்னொன்று. நான்கு திசை ஆட்டத்தை எட்டு திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் பேக்-மேன் திருப்பத்தில் சிக்கிச் சிக்கி நிற்கும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு மைக்ரோசுவிட்ச் இருக்கிறது. தண்டு மூலைக்குப் போனால் இரண்டு சுவிட்ச் ஒரே நேரத்தில் அழுந்தும், ஆட்டத்துக்கு எந்தப் பக்கம் போவதென்று குழப்பம் வரும். பல ஜாய்ஸ்டிக்குகளின் அடியில் ஒரு சதுரத் தடுப்புத் தகடு உண்டு. அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் நான்கு திசைக்கு மாறிவிடும். அந்த வசதி இருக்கிற ஜாய்ஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். பிளைவுட் கடைக்குப் போவதற்கு முன் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று தேடிப் பிடியுங்கள். அட்டையில் கைப்பலகை அளவுக்கு வெட்டி, ஒரு மேஜை மேல் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் வைத்து நின்று பாருங்கள். தோள் தளர்ந்து, முழங்கை மடங்கி, கை லேசாகக் கீழே இறங்கின மாதிரி இருந்தால் அதுதான் உயரம். பெரியவர்களுக்குப் பொதுவாகத் தரையிலிருந்து 36 முதல் 38 அங்குலம் வரும். பிள்ளைகளுக்காகப் பெட்டியைத் தாழ்த்த வேண்டாம், இரண்டு வருடத்தில் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள். உறுதியான ஒரு ஸ்டூல் செய்து கொடுங்கள். பலகையின் முன் விளிம்புக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் நடுவே மூன்று, மூன்றரை அங்குலம் கட்டாயம் விட வேண்டும். உள்ளங்கை தங்குவது அங்கேதான். என் முதல் பெட்டியில் ஒன்றரை அங்குலம்தான் விட்டிருந்தேன், மணிக்கட்டு வலிக்கு அதுதான் காரணம். இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கும் நடுவே 15 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் தோளோடு தோள் இடிக்கும். பட்டன்களின் மையத்துக்கு மையம் 36 மி.மீ. வைத்தால் விரல்கள் இயல்பாக விழும். பட்டன் வரிசையை நேர்கோட்டில் போடாதீர்கள். உங்கள் கையை அட்டை மேல் தளர்வாக வைத்து, நான்கு விரல் நுனியும் எங்கே விழுகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த லேசான வளைவைத்தான் பட்டன்கள் பின்பற்ற வேண்டும்.

அட்டையில் ஒரு மாலை முழுக்க விளையாடின மாதிரி நின்று பார்த்த பிறகு பிளைவுட் வாங்கப் போங்கள். சேலத்தில் பிளைவுட் கடைக்குப் பஞ்சமில்லை. கேட்க வேண்டியது 8-க்கு 4 அடி ஷீட், 18 மி.மீ. தடிமன். நிற்கும் உயரப் பெட்டிக்கு இரண்டு ஷீட் வேண்டும். பின்பக்கத்துக்கு 6 மி.மீ. ஷீட் ஒன்று. மேஜை மேல் வைக்கும் சின்னப் பெட்டி என்றால் 12 மி.மீ. ஷீட் ஒன்றே போதும், மிச்சமும் வரும்.

தரம்தான் முக்கியம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்.ஆர். வகை (ஈரத்தை ஓரளவு தாங்குவது) காய்ந்த உள்ளறைக்கு மட்டும் ஆனது. அதற்கு மேல் பி.டபிள்யூ.ஆர். வகை (கொதிநீரையும் தாங்குவது), அதற்கும் மேல் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் வகை. சேலம் வீட்டுக்கு என்றால் பி.டபிள்யூ.ஆர். தாராளமாகப் போதும் என்பேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழை மாதங்களில் பகலிலேயே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஈரம் வெளியேறவும் வழி இருக்காது. அதனால் குறைந்தது பி.டபிள்யூ.ஆர்., முடிந்தால் 710. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம். வெட்ட வெண்ணெய் மாதிரி இருக்கும், வண்ணமும் அழகாக ஏறும். ஆனால் ஈரம் பட்டால் ஊதிப்போகும், ஊதினது திரும்ப அமுங்காது.

கடைக்காரர் ஷீட்டை இழுத்துப் போட்டதும் மேல் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், மேல் வெனீர் (மெல்லிய மர அடுக்கு) எல்லாவற்றிலும் அழகாகத்தான் இருக்கும். குனிந்து விளிம்பைப் பாருங்கள். அடுக்குக்கு நடுவே கறுப்பாக ஓட்டை தெரிந்தால், உள்ளே துண்டு வெனீர் சேராமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் பட்டன் துளை விழுந்தால் விளிம்பு பொடிந்துவிடும். பிறகு விரல் முட்டியால் ஷீட் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் ஓரிடத்தில் ‘டொப்’ என்று மாறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. கடைசியாக ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், வளைவு இருந்தால் தெரிந்துவிடும். நல்ல கடையில் இதையெல்லாம் செய்ய விடுவார்கள். (ஏற்காட்டில் காபிக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக் மரமும் பிளைவுட் செய்யப் பயன்படுவதுதான். வளைவுகளில் ஏறும்போது பார்த்திருப்பீர்கள், இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும்.)

வாங்கின ஷீட்டை உடனே வெட்டாதீர்கள். பெட்டி எந்த வீட்டில் நிற்கப் போகிறதோ அங்கேயே ஒரு வாரம் தரையில் ரீப்பர் கட்டைகளை வைத்து அதன் மேல் படுக்கவையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். மரம் அந்த ஊர்க் காற்றுக்குப் பழகட்டும். வெட்டுவது சேலத்தில்தான் என்றால் இது நடக்காது. அப்போது வெட்டின துண்டுகளையாவது மேலே கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துவிட்டு, அங்கேயே பூட்டுங்கள்.

வெட்டும் வேலையில் நேர்க்கோடுகளைக் கடையிலேயே முடித்துவிடலாம். பேனல் சா இருக்கும் கடையில் சின்னக் கூலிக்கு மட்டமாக வெட்டிக் கொடுப்பார்கள், வீட்டில் அந்த நேர்த்தி வராது. வளைவான பக்கப் பலகைக்கு இரண்டு வழி உண்டு. பூஜை அறைக் கதவுக்கு ஜாலி வெட்டித் தரும் சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு மெஷின்) பட்டறையில் வரைபடம் கொடுத்தால் இரண்டு பலகையும் அச்சு மாறாமல் வந்துவிடும். கையால் வெட்டுவதென்றால், இரண்டு பலகையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, கழிவாகப் போகும் மூலைகளில் திருகு போட்டு இறுக்கி, ஒரே வெட்டில் இரண்டையும் வெட்டுங்கள். ஜிக்சா பிளேடு மேல்நோக்கி அறுப்பதால் மேல் முகத்தில்தான் சிம்பு பெயரும். எனவே நல்ல முகம் கீழே, கோடு உள்முகத்தில். கோட்டுக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) வெளியே தள்ளி அறுத்துவிட்டு, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரை கொண்டுவாருங்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பதால் வளைவில் சின்னப் பிசகு வந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

அகலம் வெளியளவு 25 அங்குலம், ஆழம் 26 அங்குலம், உயரம் ஐந்தே முக்கால் அடி. நான் வைக்கிற அளவு இது. வெட்டுவதற்கு முன் ஏற்காட்டு வீட்டின் எல்லா வாசலையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் உள்வாசல்கள் குறுகல். நிலைக்கு நடுவே 24 அங்குலம்தான் கிடைக்கிறது என்றால் பெட்டியைக் கைப்பலகைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டாகச் செய்து, உள்ளிருந்து போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி திட்டமிடுங்கள். அகலத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும். 18 மி.மீ. ஷீட் ஒன்றே 35 கிலோ பக்கம் வரும். முழுப் பெட்டியை மூன்று பேர் தூக்கித்தான் நகர்த்த முடியும். இரண்டாகப் பிரிந்தால் தூக்குவதும் சுலபம்.

இணைப்புக்குப் பெரிய தச்சு வித்தை தேவையில்லை. ஓர் அங்குலச் சதுர ரீப்பரைப் பக்கப் பலகையின் உள்முகத்தில் ஃபெவிகாலும் திருகும் போட்டு நிறுத்துங்கள். குறுக்குப் பலகைகள் அந்த ரீப்பரில் வந்து உட்காரட்டும், திருகு எல்லாம் உள்ளிருந்தே போகட்டும். வெளியே ஒரு திருகுத் தலைகூடத் தெரியாது. பிளைவுட்டின் விளிம்புக்குள் நேராகத் திருகு ஏற்றினால் அடுக்கு பிளக்கும், அதனால்தான் ரீப்பர். மூலைமட்டத்தை ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துப் பாருங்கள். கூடவே மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் டேப்பில் எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி சதுரம். இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தெரு ஆசாரிதான். உங்கள் ஆசாரிக்கு வீடியோ கேம் தெரியாவிட்டாலும் பெட்டி தெரியும். அலமாரி செய்கிறவர் இதையும் செய்வார். கைப்பலகை அளவை மட்டும் நீங்கள் அட்டையோடு கொடுங்கள்.

இனி கைப்பலகை, இதில் அவசரமே கூடாது. 18 மி.மீ. பலகையில் ஜாய்ஸ்டிக்கை அடியிலிருந்து மாட்டினால் மேலே தண்டு குட்டையாகத்தான் தெரியும், பிடிக்க வாகாக இருக்காது. ரூட்டர் (மரத்தைக் குடையும் மெஷின்) இருந்தால் அடியில் பள்ளம் தோண்டலாம். இல்லையென்றால் நான் செய்கிற வழி இது. மேலே 6 மி.மீ. பலகை, கீழே 12 மி.மீ. பலகை. கீழ்ப் பலகையில் மட்டும் ஜாய்ஸ்டிக்கின் தகடு உட்காரும் அளவுக்குச் செவ்வகம் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டையும் ஃபெவிகால் தடவி இரவு முழுக்க கிளாம்பில் இறுக்கிவிடுங்கள். காலையில் 18 மி.மீ. கெட்டிப் பலகை கிடைக்கும். ஜாய்ஸ்டிக் இருக்கும் இடத்தில் மட்டும் மரம் 6 மி.மீ. தண்டு முழுசாக மேலே வரும். ஜாய்ஸ்டிக்கை மேலிருந்து போல்ட் போட்டு அடியில் நட்டால் இறுக்குங்கள். மரத்திருகு பிள்ளைகள் இழுக்கும் இழுப்புக்குத் தாங்காது.

பட்டன்களை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை போடும் ரம்பம்) வாங்க வேண்டும். சந்தையில் 28 மி.மீ. துளைக்கு ஒரு வகை, 30 மி.மீ. துளைக்கு ஒரு வகை, ஸ்டார்ட் பட்டனுக்கு 24 மி.மீ. என்று கலந்து வரும், பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். இன்னொரு விஷயம்: அழுத்திச் செருகும் பட்டன் மெல்லிய இரும்புத் தகட்டுக்கானது, 18 மி.மீ. மரத்தில் அதன் கொக்கி பிடிக்காது. நீளக் கழுத்தும் பிளாஸ்டிக் நட்டும் உள்ள வகையைக் கேளுங்கள்.

துளை போடும்போது அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்து கிளாம்ப் போடுங்கள். குறித்த மையத்தில் ஆணியால் ஒரு சின்னக் குழி. ஹோல் சாவின் நடு பிட் அந்தக் குழியில் உட்கார்ந்ததும் டிரில்லை நேராக, மெதுவான வேகத்தில் இறக்குங்கள். பாதி ஆழம் போனதும் வெளியே எடுத்துப் பல்லில் அடைத்த தூளைத் தட்டுங்கள், இல்லையென்றால் மரம் கருகி வாசனை வரும். நடு பிட்டின் நுனி அடிப்பக்கம் எட்டிப் பார்த்த உடனே நிறுத்துங்கள். பலகையைத் திருப்பி, அந்தச் சின்னத் துளையில் பிட்டை வைத்து மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். வட்டத் துண்டு அழகாக விழும், இரண்டு முகத்திலும் ஒரு சிம்பு பெயராது. எல்லாத் துளையையும் இப்படியே. அரை நாள் ஆகும், ஆகட்டும். என் இரண்டாவது பெட்டியில் ஒரே பக்கமாகத் துளைத்துத் தள்ளினேன். பட்டனின் விளிம்பு மறைக்க முடியாத அளவுக்கு வெனீர் பெயர்ந்து, பலகையையே திரும்பச் செய்தேன்.

மைக்கா ஒட்டுவதா, வண்ணம் அடிப்பதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏற்காட்டுக்கு மைக்கா நல்லது. ஆனால் ஒரு முகத்துக்கு மட்டும் ஒட்டக் கூடாது. மைக்கா ஒட்டின பக்கம் ஈரம் ஏறாது, மறுபக்கம் ஏறும், அந்தப் பக்கம் விரிந்து பலகை வில் மாதிரி வளையும். நண்பர் வீட்டுப் பெட்டியின் பின்கதவில் இதுதான் நடந்தது. ஜூனில் மாட்டினோம், ஐப்பசிக்குள் கீழ் மூலை ஒரு விரல் அளவுக்கு வெளியே வந்துவிட்டது. உள்முகத்துக்கும் மலிவான லைனர் மைக்கா ஒட்டுங்கள், முடியாவிட்டால் இரண்டு கை பெயின்டாவது அடியுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டின விளிம்பால். ஒவ்வொரு விளிம்புக்கும் பட்டன் துளையின் உள்சுவருக்கும்கூட பிரைமரோ பாலியூரித்தேன் வார்னிஷோ இரண்டு தடவை கொடுங்கள். வெளியே தெரியும் விளிம்புக்கு வெளிநாட்டுப் பெட்டிகளில் டி வடிவப் பீடிங் போடுவார்கள், அதற்கு விளிம்பில் நீளவாக்கில் பள்ளம் வெட்ட வேண்டும். நமக்கு எட்ஜ் பேண்ட் டேப் போதும், எல்லாப் பிளைவுட் கடையிலும் கிடைக்கும்.

அடி விளிம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம். பெட்டி நேராகத் தரையில் நின்றால் ஈரத்துணி படும் அடி அரை அங்குலம் ஒரே வருடத்தில் ஊதிவிடும். ஓர் அங்குல ரப்பர் புஷ் ஆறு போட்டு உயர்த்திவிடுங்கள், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். மேல் பக்கத்தில் ஓர் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள். கைப்பலகையைப் பிடித்துத் தொங்காத பிள்ளை கிடையாது.

திரைக்குப் பழைய பிக்சர் டியூப் மானிட்டர் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஒளிர்வு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சுவிட்சை அணைத்து வெகு நேரம் ஆன பிறகும் டியூபில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் நிற்கலாம். பிள்ளைகள் திறக்கக்கூடிய பெட்டிக்குள் அது வேண்டாம். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் 19 அங்குலச் சதுர வகை எல்.சி.டி. மானிட்டர் பழைய ஆட்டங்களின் 4:3 படத்துக்கு மிகவும் பொருந்தும். முதுகில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒரு பிளைவுட் பட்டையில் நேராக மாட்டிவிடலாம். 20 டிகிரி போலப் பின்னால் சாய்த்து, முன்னால் 3 மி.மீ. அக்ரிலிக். மேலே ட்யூப்லைட் நேராக எதிரொளிக்காத கோணமா என்று ராத்திரியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மூளைக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டு போதுமானது, நீங்கள் சொல்கிற காலத்து ஆட்டங்கள் எல்லாம் அதில் ஓடும். அதன் மேல் பழைய ஆட்டங்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள் ஒன்று, பட்டோசெரா அல்லது ரெட்ரோபை. ஆட்டத்தை ஓட்டும் மேம் என்ற மென்பொருளை இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா 1997இல் தொடங்கினார். மென்பொருள் இலவசம். ஆனால் ஆட்டம் அடங்கிய ரோம் கோப்புகளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, இணையத்தில் கிடைக்கிறது என்பதால் அது நம்முடையது ஆகிவிடாது. கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்ற சில ஆட்டங்களை உரிமையாளர்களே வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அனுமதித்திருக்கிறார்கள். பெட்டியைச் சோதிக்க அவை போதும். கேப்காம் தன் பழைய ஆட்டங்களைத் தொகுப்பாக இன்றும் விற்கிறது. அந்தத் தொகுப்பை ஓட்டுவதுதான் முக்கியம் என்றால் ராஸ்பெர்ரி பைக்குப் பதில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடம் நிறையவே இருக்கும்.

வயரிங் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு பட்டனும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மைக்ரோசுவிட்சில் மூன்று கால் இருந்தால் பொதுவான கால் ஒன்று, அழுத்தும்போது சேரும் கால் ஒன்று, இந்த இரண்டும்தான் நமக்கு. மூன்றாவது காலில் மாட்டிவிட்டால் கை வைக்காமலே பட்டன் அழுந்திக்கிடக்கும். பட்டன் அழுந்துவதைக் கணினிக்குச் சொல்லும் யூ.எஸ்.பி. என்கோடர் போர்டை ஆளுக்கு ஒன்று வாங்கினால் வயர்கள் கூடவே வரும், சால்டரிங் வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு போர்டு போடும்போது, சில தடவை ஆன் செய்ததும் முதல் ஆளும் இரண்டாவது ஆளும் இடம் மாறிவிடுவார்கள். கணினிக்கு இரண்டும் ஒன்று போலவே தெரிவதுதான் காரணம். இரண்டு ஆளுக்கும் சேர்த்து ஒரே போர்டாக வருவதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. வயர்களைக் கேபிள் டையால் கட்டி, கைப்பலகையைப் பியானோ கீல் போட்டு மேலே திறக்கிற மாதிரி வையுங்கள். ஒரு பட்டன் கெட்டால் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

காயின் போடும் வசதி வேண்டுமா என்று பிள்ளைகளிடம் கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அது பிடிக்கும். மாதிரிக் காசு ஒன்றை உள்ளே செருகி வைத்து, விழும் காசை அதோடு ஒப்பிடும் வகை போதும். ஆனால் எந்த ஒரு ரூபாய் என்று முடிவு செய்யுங்கள். நாம் சின்ன வயதில் போட்டது 25 மி.மீ. காசு. 2011இல் வந்த ஒரு ரூபாய் சுமார் 22 மி.மீ.தான், 2019 வரிசையில் வந்தது இன்னும் சின்னது, 20 மி.மீ. பழைய ஒரு ரூபாயின் 25 மி.மீ. அளவில் 2011இல் வந்தது 2 ரூபாய்க் காசு. பழைய காசை மாதிரியாக வைத்தால் அந்த 2 ரூபாயும் பெரும்பாலும் உள்ளே போகும். பழைய ஒரு ரூபாய்க் காசுகள் ஐம்பதைச் சேர்த்து ஒரு டப்பாவில் பெட்டிப் பக்கத்திலேயே வைத்துவிட்டார் என் நண்பர். பிள்ளைகளுக்கு அந்தக் காசு கீழே விழும் சத்தம்தான் பாதி ஆட்டம்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். எர்த் உள்ள மூன்று பின் பிளக், ஸ்பைக் கார்டு, இரும்புத் தகடு எதையாவது வெளியே வைத்திருந்தால் அதற்கும் எர்த். பை போர்டுக்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், போன் சார்ஜர் கூடாது. திடீரென்று கரன்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும், மலையில் மழைக்காலத்தில் அது அடிக்கடி நடக்கும். சின்ன யூ.பி.எஸ். ஒன்று வைத்து, செட்டிங் எல்லாம் முடிந்த அன்றே கார்டை அப்படியே நகல் எடுத்து இன்னொரு கார்டில் வைத்துவிடுங்கள். கீழே காற்று நுழைய, மேலே வெளியேற வழி விட்டு ஒரு 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமே வராது. ஏற்காட்டில் சூடு பெரிய பிரச்சினை இல்லை, ஈரத்துக்குத்தான் இந்தக் காற்று. ஓட்டைகளுக்குக் கொசுவலைக் கம்பி அடியுங்கள். கதகதப்பான பெட்டி என்றால் பல்லிக்கும் கரப்பானுக்கும் மிகவும் பிடிக்கும். பெட்டியின் முதுகுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கட்டும், ஓதம் ஏறும் சுவர் என்றால் அந்தச் சுவரே வேண்டாம், உள்சுவருக்கு மாற்றுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இடி எந்த வழியாக வருமென்று சொல்ல முடியாது.

மேலே கொண்டுபோகும் நாளில் மானிட்டரையும் அக்ரிலிக்கையும் கழற்றிக் காரில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி மட்டும் டெம்போவில், முதுகு கீழே இருக்கப் படுக்கவைத்து, அடியில் பழைய மெத்தை போட்டு, நான்கு பக்கமும் கயிறு கட்டி. நிற்க வைத்துக் கட்டினால் 20 கொண்டை ஊசி வளைவிலும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து இணைப்புகளை இழுக்கும். ஏறி முடித்ததும் முதல் வேலையாக உள்ளே இருக்கும் எல்லாத் திருகையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். என் நண்பர் பெட்டியில் ஏழு திருகு தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு மானிட்டரை மாட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் காலையில் ஆன் செய்யுங்கள்.